தோப்புக்குள் ஓடும் மினி பைக்: பம்ப்செட் என்ஜினா, மொபெட் என்ஜினா?

மினி பைக், அதாவது சிறிய சக்கரங்கள் கொண்ட குட்டி மோட்டார் சைக்கிள், வீட்டில் கட்ட முனைபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, என்ஜின் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். கல்லணைக்குக் கீழே களிமண் நிலத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தென்னந்தோப்பிலும் ஓட்டப்போகிற வண்டிக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகவே வரவேண்டும். என்ஜினின் சுற்று பின்சக்கரத்தைச் சேரும்போது எத்தனை மடங்கு குறைந்திருக்கிறது, அந்தக் குறைப்பை எந்த உறுப்புகளைக் கொண்டு பெறுகிறோம் என்ற இரண்டும்தான், வண்டி இழுக்குமா அல்லது கிளட்சைப் பொசுக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. டெல்டாவில் எளிதாகக் கைக்குக் கிடைப்பவை இரண்டு: சிறிய பெட்ரோல் பம்ப்செட் என்ஜின், பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டின் என்ஜின். இவ்விரண்டையும் இந்த அளவுகோலாலேயே ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன், வண்டி ஓடும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு என்ஜின்களுமே, மோட்டார் வாகனச் சட்டம் 1988 விலக்களிக்கும் 25 சிசி வரம்பைத் தாண்டியவை. பதிவு இல்லாமல் இவற்றைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. வீட்டில் கட்டிய வண்டிக்குப் பதிவு கிடைப்பது நடைமுறையில் எட்டாத காரியம். எனவே இங்கே சொல்வதெல்லாம் சொந்தத் தோப்புக்குள், அதாவது மணிக்கு 30, 35 கிலோமீட்டருக்கு மேல் தேவைப்படாத இடத்தில் ஓடும் வண்டிக்கு மட்டுமே.

இணையத்தில் கிடைக்கும் மினி பைக் வரைபடங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினும் கோ-கார்ட் என்ஜினும் மலிவு என்பதால், அவற்றின் தண்டின் (என்ஜினின் சுழற்சியை வெளியே தரும் அச்சின்) அளவையே அந்த வரைபடங்கள் அடிப்படையாகக் கொள்கின்றன. நம் ஊர் பம்ப்செட் என்ஜினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எடுத்துக்காட்டாக, ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்பது 163 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 4.8 குதிரைத்திறனும், 2,500 சுற்றில் 10.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. ஆனால் ஒரே என்ஜின் பல வகைத் தண்டுகளோடு விற்கப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் வாங்கினால் பணம் வீண். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (என்ஜின் சுற்று கூடும்போது தானாகவே பிடித்துக்கொள்ளும் கிளட்ச்) பொருந்துவதற்கு, சாவிப்பள்ளம் வெட்டிய நேரான தண்டு வேண்டும். அதன் விட்டம் முக்கால் இஞ்சு, பட்டறை வழக்கில் ஆறு நூல், அதாவது 19.05 மி.மீ.; இதே வடிவில் வரும் சில நகல் என்ஜின்களில் அது 20 மி.மீ. ஆக இருப்பதால், கிளட்ச் வாங்குவதற்கு முன் வெர்னியர் வைத்து அளப்பது கட்டாயம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு மின்சாரத்துக்காக வாங்கிய ஜெனரேட்டர் எங்காவது சும்மா கிடந்தால், அதன் தண்டு பெரும்பாலும் கூம்பாகச் சரிந்திருக்கும். தண்ணீர்ப் பம்ப்பிலிருந்து கழற்றியதில் மரை வெட்டியிருக்கவும் கூடும். அவற்றை லேத்தில் கொடுத்துச் சரிசெய்வதைவிட வேறு என்ஜின் தேடுவதே மேல்.

இனி ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு. பத்து இஞ்சு ஸ்கூட்டர் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 432 மி.மீ.; ஒரு சுற்றுக்கு அது சுமார் 1.36 மீட்டர் உருளும். தண்டில் 12 பல், சக்கரத்தில் 60 பல் என்று ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) வைத்தால் ரேஷியோ ஐந்து. 3,600 சுற்றில் வண்டி 58 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கணக்கில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கிளட்ச் ஏறத்தாழ 2,000 சுற்றில் பிடிக்கத் தொடங்கும் என்று கொண்டால், இந்த ரேஷியோவில் அது மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம்; அதற்குக் கீழே ஓட்டும் நேரமெல்லாம் கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடேறும். தோப்புக்குள் நாம் ஓட்டப்போவதே அந்த வேகத்தில்தான். சரி, சக்கரத்தில் 72 பல் வைக்கலாம் என்றால், அரை இஞ்சு பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி இடைவெளி) செயினுக்கு அந்த ஸ்பிராக்கெட்டின் விட்டம் 291 மி.மீ. வந்துவிடுகிறது, செயின் தரையிலிருந்து வெறும் 70 மி.மீ. உயரத்தில் ஓடும். சம்பா நடவுக் காலத்து ஈரக் களிமண்ணில் அது ஒரு மணி நேரம் தாங்கினால் ஆச்சரியம். எனவே பம்ப்செட் என்ஜினைத் தேர்ந்தெடுப்பவர் இடையில் ஒரு தண்டு வைத்து, முதலில் 12-க்கு 24, பிறகு 12-க்கு 48 என்று இரண்டு கட்டமாகக் குறைப்பதே சரி. ரேஷியோ எட்டாகும், உச்ச வேகம் 36 கிலோமீட்டரில் நிற்கும், பின் ஸ்பிராக்கெட் தரையிலிருந்து 119 மி.மீ. விலகியிருக்கும். அதற்கு விலை, இரண்டு பேரிங், இரண்டாவது செயின், இரண்டு செயின்களும் தத்தம் நேர்கோட்டில் ஓடவேண்டும் என்ற கூடுதல் தலைவலி.

மொபெட் என்ஜினில் இந்தத் தலைவலி இல்லை என்பதே அதன் பெரிய பலம். எக்ஸ்எல் சூப்பரின் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் 69.9 சிசி, 5,000 சுற்றில் 3.5 குதிரைத்திறன், சுமார் 5 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பம்ப்செட்டுக்குப் பாதி இழுவை. ஆனால் கிளட்சும் முதல் கட்டச் சுற்றுக் குறைப்பும் என்ஜின் கூட்டுக்குள்ளேயே எண்ணெயில் பாதுகாப்பாக இருக்கின்றன. வெளியே வருவது ஒரே ஒரு சிறிய ஸ்பிராக்கெட்தான். மேலும், அந்த ரேஷியோ 16 இஞ்சுச் சக்கரத்துக்காக அமைக்கப்பட்டது. அதே ஸ்பிராக்கெட்டுகளை வைத்துக்கொண்டு பத்து இஞ்சுச் சக்கரத்துக்கு மாறினால், வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து இழுவை அந்த அளவுக்கு மேல் கூடிவிடுகிறது. நெல் மூட்டையும் தேங்காய்ச் சாக்கும் ஏற்றப் பழகிய வண்டி அது என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செயினோ கிளட்ச் ஷூவோ தேய்ந்தால் மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் வாங்கிவிடலாம். குறைகள் என்றால் புகையும், பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கும் வேலையும். அவை பிடிக்காதவருக்கு 99.7 சிசி நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 என்ஜின் இருக்கிறது. காயலான் கடையில் வாங்குவதானால் ஆர்சி புத்தகம் இல்லாத வண்டியைத் தொடவே கூடாது. என்ஜின் எண்ணைச் சுரண்டிய வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி.

ஸ்கூட்டரின் என்ஜின், பெல்ட், பின்சக்கரம் மூன்றையும் ஒரே துண்டாகக் கழற்றிப் பொருத்தும் வழியும் உண்டு. செயின் நேர்கோட்டுக் கவலையே அதில் இல்லை. ஆனால் அகலமும் எடையும் மினி பைக்குக்கு அதிகம். வாய்க்கால் நீர் பெல்ட் அறைக்குள் புகுந்தால் பெல்ட் வழுக்கும்.

பம்ப்செட் என்ஜினை விடாப்பிடியாக வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வேகத்துக்காக அதன் கவர்னரை, அதாவது சுற்று எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் உறுப்பை, கழற்றக் கூடாது. அதன் ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் 3,600 சுற்றை ஒட்டிய வேலைக்காகச் செய்யப்பட்டவை. கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் உடைந்து பறக்கும் துண்டு ஓட்டுபவரின் காலுக்கு அருகில்தான் இருக்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் கார்புரேட்டரில் நேரடியாக மாட்டாமல் கவர்னர் ஸ்பிரிங்கின் நெம்புகோலில் மாட்ட வேண்டும். எண்ணெயைத் தெறிக்கவிட்டு உயவு தரும் அமைப்பு என்பதால் என்ஜினைச் சாய்வாகவும் பொருத்தக் கூடாது. மொபெட் என்ஜின் இந்த விஷயங்களில் நம்மிடம் இவ்வளவு கேட்பதில்லை.

மொபெட்டையே பிரித்தெடுப்பவர் அதன் முன் ஃபோர்க்கையும் எடுத்துக்கொள்வது இயல்பு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டீயரிங் அச்சின் நேர்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமே வண்டியை நேராக ஓடவைக்கிறது. ஃபோர்க்கின் முன்தள்ளல் (ஸ்டீயரிங் அச்சின் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ., செங்குத்திலிருந்து சாய்வு 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 16 இஞ்சுச் சக்கரத்தில் அந்தத் தூரம் 75 மி.மீ.; பத்து இஞ்சுச் சக்கரத்தில் அதுவே 51 ஆகச் சுருங்கி, ஹேண்டில்பார் கையில் நிற்காமல் ஆடத் தொடங்கும். சாய்வை 30 டிகிரியாக்கினால் மறுபடி 73 கிடைக்கிறது. ஆகவே வரைபடத்தில் உள்ள கோணத்தை அப்படியே நகலெடுக்காமல், கையிலுள்ள ஃபோர்க்கை அளந்து கணக்குப் போட்ட பிறகே ஹெட் பைப்பை (ஸ்டீயரிங் அச்சைத் தாங்கும் குழாயை) வைக்க வேண்டும்.

பிரேமுக்கு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பைப்பே போதும். போர்வெல்லில் மிஞ்சிய, துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வீட்டில் கிடக்கிறதே என்று அதை வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பின் பிரேக்குக்கு, லேத்தில் கடைந்த ஹப்பின் ஒரு பக்கம் ஸ்பிராக்கெட்டும் மறுபக்கம் டிஸ்க்கும் வைப்பது, டிரம்மைத் தேடுவதைவிட எளிது. நனைந்தாலும் டிஸ்க் விரைவில் உலர்ந்துவிடும். வேலையின் வரிசையில் மட்டும் மாற்றம் கூடாது: முதலில் பின்சக்கரம், பிறகு என்ஜின், இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் குறுக்கே நேரான பட்டை வைத்துப் பார்த்து, செயினின் தொய்வு 15 முதல் 20 மி.மீ. வரை இருப்பதை உறுதிசெய்த பிறகு ஹெட் பைப். அதுவரை எல்லா இணைப்பும் டாக் வெல்டிங்கோடு (தற்காலிகப் பொட்டு வெல்டிங்கோடு) நிற்கட்டும்.