மாஃபியா, அமாங் அஸ், அவலான்: எதில் பொய்யனைப் பிடிக்க முடியும்?

கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எதிரியைத் தேடும் ஆன்லைன் விளையாட்டுகளை ஒப்பிட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நல்லவர்களுக்குத் தடயம் எங்கிருந்து கிடைக்கிறது? மாஃபியாவில் பேச்சிலிருந்து, அமாங் அஸ்ஸில் நடமாட்டத்திலிருந்து, அவலானில் ஓட்டிலிருந்து. சமநிலை எங்கே குலைகிறது என்பதும் அதைப் பொறுத்தே மாறுகிறது.

முதலில் மாஃபியா. 1980-களின் பிற்பாதியில் மாஸ்கோவில் திமித்ரி தாவிடோவ் உருவாக்கியது. ஊருக்குள் ஒளிந்திருக்கும் மாஃபியா ராத்திரி ஒருவரைக் கொல்லும், பகலில் ஊர் கூடி ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றும். மாஃபியா முழுக்க வெளியேறினால் ஊருக்கு வெற்றி, எண்ணிக்கையில் மாஃபியா ஊருக்குச் சமமானால் மாஃபியாவுக்கு வெற்றி. போலீஸ், டாக்டர் என்று யாரும் இல்லை, மாஃபியா ஒருவர்தான், ஆட்டம் பகலில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் குத்துமதிப்பாக ஓட்டுப் போட்டால், 5 பேர் ஆட்டத்தில் மாஃபியா ஜெயிக்க 53% வாய்ப்பு. இன்னொரு அப்பாவியைச் சேர்த்து 6 ஆக்கினால் ஊரின் பலம் கூடும் என்றுதானே தோன்றும்? இல்லை, மாஃபியாவின் வாய்ப்பு 62.5% ஆகிறது. 7 பேர் என்றால் சுமார் 46%. காரணம் எளிது. 5 பேர் இருந்தாலும் 6 பேர் இருந்தாலும் ஊருக்குக் கிடைப்பது இரண்டே ஓட்டெடுப்புதான். கூடுதலாக வந்தவர் சந்தேகப் பட்டியலை நீட்டுகிறாரே தவிர, இன்னொரு வாய்ப்பைக் கொண்டுவருவதில்லை. அதனால் கையில் தகவல் எதுவும் இல்லாமல் இரட்டைப்படையில் நிற்கும் ஊர், அன்றைக்கு யாரையும் வெளியேற்றாமல் விடுவதே நல்லது. புதியவர்களிடம் இதைச் சொன்னால், சொன்னவர் மேலேயே சந்தேகம் திரும்பும். அது வேறு கதை.

ராத்திரிக்கு ஒருவர் மாஃபியாவா இல்லையா என்று ரகசியமாக அறியும் துப்பறிவாளர் ஒருவர் வந்துவிட்டால் கணக்கே தலைகீழ். பிராவர்மன், எடெசாமி, மோசல் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணிதமாகவே காட்டியது. துப்பறிவாளர் இல்லாத பெரிய ஆட்டத்தில், மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டிய சிறு மாஃபியாவே ஊருக்குச் சமமாக நிற்கும். துப்பறிவாளர் இருந்தால், மொத்த ஆட்களில் ஒரு நிலையான பங்கு அளவுக்கு மாஃபியா இருந்தால்தான் ஆட்டம் சமமாகும். டவுன் ஆஃப் சேலம் (2014) மாதிரி ரோல்களை (தனித் திறன் கொண்ட பாத்திரங்களை) அடுக்கும் விளையாட்டுகளில் ஒரே ஒரு ரோலை மாற்றினாலே ஆட்டம் ஒரு பக்கம் சாய்வது இதனால்தான். அதில் எனக்குப் பிடித்த ரோல் ஜெஸ்டர். தன்னைத் தூக்கில் போடவைத்தால் அவருக்கு வெற்றி. 'உளறுகிறவனை முதலில் தூக்கு' என்ற சோம்பேறி உத்திக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

அமாங் அஸ் 2018-இல் வந்து 2020-இல் உலகமே ஆடியது. இங்கே பேச்சைவிட 'எங்கே இருந்தாய், யாரோடு போனாய்' என்பதே பெரிய சாட்சி. அதனால் முன்பின் தெரியாதவர்களோடும் ஆடலாம். மாஃபியாவின் இரட்டைப்படைக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் அடி விழும். 2 இம்போஸ்டர் (ஒளிந்திருக்கும் கொலைகாரர்கள்), 4 கிரூ (அப்பாவிகள்) மிச்சம் இருக்கும்போது யாரையும் வெளியேற்றாமல் ஸ்கிப் போட்டால், அடுத்த மீட்டிங் கூடுவதற்குள் இரட்டைக் கொலை விழலாம். 2-க்கு 2, ஆட்டம் காலி. ராத்திரிக்கு ஒரு கொலை என்ற வரம்பு இங்கே கிடையாதே! சமநிலை முழுக்க ஹோஸ்ட் கையில் உள்ள செட்டிங்குகளைப் பொறுத்தது. நான் முதலில் அணைப்பது விஷுவல் டாஸ்க், அதாவது கிரூ செய்யும்போது மற்றவர் கண்ணுக்கும் தெரியும் வேலை. மெட்பேயில் (மருத்துவ அறையில்) ஒருவர் ஸ்கேன் எடுப்பதை நாலு பேர் பார்த்துவிட்டால், அதற்கு மேல் அவரைச் சந்தேகப்படவே வழியில்லை. இந்த விளையாட்டின் பெரிய ஓட்டை வெளியே இருக்கிறது: இரண்டு நண்பர்கள் தனியாக போனில் பேசிக்கொண்டால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது.

அவலான் (2012, டான் எஸ்கிரிட்ஜ்) எனக்கு மற்ற இரண்டையும்விட ஒரு படி மேல். யாரும் சாவதில்லை, அதனால் பாதியில் வெளியேறி வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. மிஷனுக்கு யார் போவது என்று ஒவ்வொரு முறையும் எல்லோரும் வெளிப்படையாக ஓட்டுப் போடுகிறார்கள். போகிறவர்கள் ரகசியமாகச் சீட்டுப் போடுவார்கள்; பொதுவாக ஒரு தோல்விச் சீட்டு விழுந்தாலே மிஷன் தோற்கும், மூன்று மிஷன் ஜெயிப்பதே நல்லவர்களின் இலக்கு. அந்த ஓட்டுப் பதிவு அழியாது. 5 பேர் ஆட்டத்தில் 2 கெட்டவர்கள். நான் நல்லவன், நான் இல்லாத மூவர் குழு முன்வைக்கப்படுகிறது என்றால், மற்ற நால்வரில் எந்த மூவரை எடுத்தாலும் குறைந்தது ஒரு கெட்டவர் உள்ளே இருப்பார். ஆக, நல்லவர் யாரும் தான் இல்லாத மூவர் குழுவுக்குச் சம்மதிக்கக் கூடாது. வரிசையாக ஐந்து குழுக்கள் நிராகரிக்கப்பட்டால் கெட்டவர்களுக்கு வெற்றி என்பதால், ஐந்தாவது முறை மட்டும் விதிவிலக்கு. வெளியே இருந்துகொண்டு 'சரி, போங்க' என்று தாராளம் காட்டுகிறவர் மேல் கண் வையுங்கள். இந்த ஒரு விதியிலேயே எத்தனையோ பொய்கள் மாட்டியிருக்கின்றன.

இவ்வளவு தடயம் கிடைத்தால் நல்லவர்கள் பக்கம் சாயாதா? அங்கேதான் மெர்லின் வருகிறார். கெட்டவர்களை அறிந்தவர் அவர். ஆனால் மூன்று மிஷன் ஜெயித்தாலும், கடைசியில் கெட்டவர்களில் ஒருவரான கொலையாளி மெர்லினைச் சரியாகச் சுட்டிவிட்டால் எல்லாம் போச்சு. 5 பேர் ஆட்டத்தின் மூன்று நல்லவர்களில் குருட்டாம்போக்கில் சுட்டினாலே மூன்றில் ஒரு வாய்ப்பு. ஆகவே மெர்லின் சில சமயம் தப்பான குழுவுக்கும் தெரிந்தே ஓட்டுப் போட வேண்டியிருக்கும்.

எதை ஆடலாம்? அறிமுகமில்லாத பத்துப் பேர், அரை மணி நேரம் என்றால் அமாங் அஸ். மாஃபியாவை குரலில் ஆடினால் சத்தமாகப் பேசுபவரே ஜெயிப்பார். எழுத்தில், ஒரு 'பகல்' ஓரிரு நாள் நீளும்படி ஆடினால் பழைய பேச்சைத் தோண்டி எடுக்கலாம், ஆட்டமே வேறு தரம். வாராவாரம் கூடும் குழுவுக்கு அவலான்தான். 7 பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. நான்காவது மிஷன் தோற்க இரண்டு தோல்விச் சீட்டு விழ வேண்டும் என்பதால் கெட்டவர்களும் ஒருவரையொருவர் ஊகிக்க வேண்டியிருக்கும். மெர்லின் யாரென்று அறிந்த நல்லவரான பெர்சிவலைச் சேர்த்தால் நல்லவர்களின் பலம் கூடிவிடும். 5 பேர் ஆட்டத்தில் அவரோடு மோர்கனாவையோ (பெர்சிவலுக்கு மெர்லின்போல் தெரியும் கெட்டவர்) மோர்ட்ரெடையோ (மெர்லின் கண்ணுக்குத் தெரியாத கெட்டவர்) கட்டாயம் சேருங்கள்.