பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனம்: காபரேட்டர் என்ற பெயரில் 14,500 ரூபா போச்சு

கையில் இன்னும் பெற்றோல் மணம் போகவில்லை. கோபம் ஆறினால் நானும் எல்லாரையும் போல விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது 14,500 ரூபா. உழுந்து விற்ற காசு.

என்னிடம் இருப்பது பழைய ஹீரோ ஹொண்டா. மல்லாவிப் பக்கத்து கிரவல் புழுதியில் வருடக்கணக்காக ஓடி, ஒருநாளும் வீதியில் விட்டதில்லை. நிறுத்தி வைத்தால் காபரேட்டருக்கு (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம்) கீழே உள்ள சின்ன ரியூப்பால் பெற்றோல் சொட்டத் தொடங்கியது. பெற்றோல் வரும் ரப்பை மூடினால் நிற்கும், திறந்தால் மீண்டும் சொட்டும். அவ்வளவுதான் வருத்தம்.

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம், உதிரிப்பாகமும் விற்று வேலையும் செய்கிற ஒரு கடை. கழற்றிப் பார்த்தவர், "பொடி வெடிச்சுப்போச்சு அண்ணை, இனிச் சரிவராது, புதுசுதான் போடவேணும்" என்றார். பொடி என்றது காபரேட்டரின் வெளிக்கூட்டை. எங்கே வெடிப்பு என்று கேட்டேன். காட்டவில்லை. பெட்டி ஒன்றை எடுத்து, மினுங்குகிற ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக் காட்டினார்: "பாருங்கோ, ஒறிஜினல்." நான் யோசிப்பதைக் கண்டுவிட்டு ஊர் விசாரித்தார். சொன்னேன். "நாங்களும் செட்டிகுளம் முகாமில இருந்து வந்த ஆக்கள்தான் அண்ணை. எங்கட சனத்துக்குப் பிழையான சாமான் குடுப்பமே?"

போரின் முடிவில் வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம் அது. அந்தச் சொல்லுக்குப் பிறகு யார் விலை பேசுவார்? 14,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன், கூலியும் சேர்த்து. பழைய காபரேட்டரைக் கேட்டதற்கு, "அது இரும்புக்குப் போற சாமான், உங்களுக்கு என்னத்துக்கு" என்று சிரித்துக்கொண்டே மேசைக்குக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான். ஸ்டார்ட் எடுக்கப் பஞ்சிப்பட்டது, சைலன்சரால் கறுப்புப் புகை, பிளக் கரி பிடித்துப்போனது. போன் எடுத்தேன். "புதுசுதானே, ஓட ஓட செற்றாகும்." பிறகு, "கொண்டு வாங்கோ, ரியூன் பண்ணித் தாறம்." கொண்டு போனால் முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். அடுத்த முறை முதலாளி நின்றார், ஆனால் காபரேட்டருக்கு வாறன்ரி இல்லையாம். பில்லை நீட்டினேன். கடைப் பெயர் இல்லாத துண்டுத் தாள் அது, "இது எங்கட எழுத்தில்லை" என்றார். செட்டிகுளம் எல்லாம் அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக் ஐயா கழற்றினார். பெற்றோலை அளந்து விடுகிற சின்ன ஜெற்றில் இருக்கவேண்டிய இலக்கம் இல்லை. பொடியில் கம்பனிப் பெயர் தேய்ந்த முத்திரை மாதிரிக் கலங்கிக் கிடந்தது. மிஞ்சிய பெற்றோல் வெளியே வழியவேண்டிய துவாரம் பாதி அடைபட்டு வார்க்கப்பட்டிருந்தது. அதனால் பெற்றோல் வெளியே சொட்டாமல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. ஒயில் குச்சியை இழுத்து மூக்கில் வைத்தால் பெற்றோல் மணம். ஒயிலும் தண்ணியாகிப்போனது. அந்தச் செலவு வேறு.

ஐயா சொன்னதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையில் கொதித்தது. உள்ளே மிதவை மேலே எழும்போது ஒரு சின்ன ஊசி போய்ப் பெற்றோல் வரும் துவாரத்தை அடைக்கும். அந்த ஊசியின் நுனி தேய்ந்தாலோ தூசி சிக்கினாலோ கீழ் ரியூப்பால் சொட்டும். பொடி வெடித்திருந்தால் பொடியில்தானே ஈரம் தெரியவேண்டும்? பெரும்பாலும் கழுவி, ஊசியை மாற்றினால் முடிகிற வேலை என்கிறார். அதற்குத்தான் 14,500 ரூபா கொடுத்திருக்கிறேன். என் நல்ல காபரேட்டரும் அவர்களிடம். அதைக் கழுவி யாருக்கு விற்றார்களோ.

என்னென்ன கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. வெடிப்பு என்றால் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய சாமானை விட்டுவிட்டு வராதீர்கள். கடைப் பெயர் அச்சடித்த பில் கேளுங்கள். கேட்டால் பில் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொட்டுகிற மோட்டார் சைக்கிளை இரவில் ரப்பை மூடாமல் குசினிப் பக்கம் நிறுத்தவேண்டாம்.