நிலையான வரைபடமா, அந்தந்த ஆண்டின் தரவா? வெட்டுக்கிளிக் கணிப்பில் என் பக்கம்

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு சீனாவின் உள்மங்கோலியப் புல்வெளியில் வெட்டுக்கிளி பெருகுமா என்று கணக்குப் போடுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் செயற்கைக்கோள் தரவு இலவசம், லாப்டாப் போதும் என்பதால் முதுகலை ஆய்வுக்கு அதையே எடுத்தேன். இப்போது அதே துறைக்கு வரும் தம்பிகள், "மேக்ஸென்ட் நல்லதா, ரேண்டம் ஃபாரஸ்ட் நல்லதா அண்ணே?" என்று கேட்கிறார்கள். இரண்டும் தரவைப் பார்த்துக் கணிக்கும் கணினி முறைகள்; எதை எடுப்பது என்பது இரண்டாம் பட்சம். எந்த முறையாக இருந்தாலும் அதற்குள் எதைக் கொடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வழி, நிலையான வாழிட வரைபடம். உயரம், சரிவு, மண் வகை, தாவர வகை, நீண்டகாலச் சராசரி வெப்பமும் மழையும். வேர்ல்டுகிளிம் என்ற காலநிலைத் தரவுத்தொகுப்பை இறக்கினால் 1970 முதல் 2000 வரையிலான சராசரிகள் தயாராகவே இருக்கும். ஒருமுறை செய்தால் வேலை முடிந்தது. இன்னொரு வழி, அந்தந்த ஆண்டின் நிலை: 2000 முதல் 16 நாளுக்கு ஒருமுறை 250 மீட்டர் அளவில் கிடைக்கும் மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் பசுமைக் குறியீடு (தாவரம் எவ்வளவு பசுமையாக இருக்கிறது என்ற அளவு), நில வெப்பநிலை, 2015 முதல் ஸ்மாப் செயற்கைக்கோள் தரும் மண் ஈரம். இதை ஒவ்வோர் ஆண்டும் இறக்கி, மேகம் மறைத்த இடங்களை நீக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். சலிப்பான வேலை, ஆனாலும் நான் இதைத்தான் எடுத்தேன்.

காரணம் ஒன்றுதான். எங்கே பெருகும் என்பதை ஊர்க்காரர்களே ஓரளவு சொல்லிவிடுவார்கள். எந்த ஆண்டு பெருகும் என்பதுதான் கேள்வி, சராசரியில் ஆண்டு என்பதே கிடையாது. குளிர்ப்பகுதிப் புல்வெளிகளில் பல இனங்களின் முட்டை கோடை முடிவிலிருந்து அடுத்த வசந்தம் வரை மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மண்ணின் சூடுதான் பொரிக்கும் நேரத்தை நிர்ணயிக்கிறது. பொரித்த கையோடு குளிர்மழை நீடித்தால் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் என்டமோபாகா கிரில்லி என்ற பூஞ்சை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகள் சூடும் வறட்சியுமாகத் தொடர்ந்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மேய்ச்சலும் அப்படித்தான். உள்மங்கோலியாவில் அதிக ஆட்டுமேய்ச்சல் புல்லின் நைட்ரஜனைக் குறைக்கிறது, அதுவே ஈடலியஸ் ஏசியாட்டிகஸ் வெட்டுக்கிளிக்குத் தோதாகிறது என்று 2012இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மந்தையின் அளவு மாறினால் வாழிடமும் மாறுகிறது. அதை நிலையானது என்று எப்படி எழுதுவது?

சரி, இரண்டில் எது தேவலை என்று எப்படிச் சோதிப்பது? பலரும் வெட்டுக்கிளி பதிவான இடங்களின் புள்ளிகளைக் கலைத்துப்போட்டு முப்பது விழுக்காட்டைச் சோதனைக்கு ஒதுக்குகிறார்கள். அப்போது நிலையான வரைபடமும் பிரமாதமான மதிப்பெண் வாங்கிவிடும், ஏனென்றால் சோதனைப் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளியை அது ஏற்கெனவே பார்த்திருக்கிறது. கேள்வித்தாளைக் காட்டிவிட்டுத் தேர்வு வைப்பது போலத்தான். புள்ளிகளை ஒதுக்காமல் ஒரு முழு ஆண்டையே ஒதுக்கி வையுங்கள். நிலையான வரைபடம் எல்லா ஆண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும், வேறு தர அதற்கு வழியில்லை. என் கையில் ஆண்டுத் தரவும் இந்தச் சோதனையில் மதிப்பெண்ணை இழந்தது, ஆனால் நல்ல ஆண்டையும் மோசமான ஆண்டையும் பிரித்துக் காட்டியது. எனக்கு அது போதும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, களக் கணக்கு. அமெரிக்க வேளாண் துறை மேய்ச்சல் நிலங்களில் கோடையில் வளர்ந்த வெட்டுக்கிளிகளை எண்ணி, அதை வைத்து அடுத்த ஆண்டு அபாய வரைபடம் போடுகிறது. சதுர கெஜத்துக்கு எட்டு என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் எச்சரிக்கை அளவு. அப்படித் தொடர்ந்து எண்ணிய கணக்கு உங்களிடம் இருந்தால் முதலில் அதை உள்ளே கொடுங்கள், செயற்கைக்கோளெல்லாம் அப்புறம். எனக்குக் கிடைத்தவை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிய பதிவுகள், அதனால் இதை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை. ஆய்வுக் குழுவை எங்கே அனுப்புவது என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால், நிலையான வரைபடமே தாராளம்.

நான் சொல்வது குளிர்ப்புல்வெளிக்கு. வறண்ட பகுதிகளில் கணக்கு தலைகீழாகலாம்: அங்கே மழைதான் தீவனம், மழை பெய்தால் பெருகும். ஓரிடத்தில் பழக்கிய மாடலை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிப் போகாதீர்கள்.

நம் மலேசியாவில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். லாலான் புல் மண்டிய நிலம், செம்பனைத் தோட்டம் எல்லாம் இருக்கிறது, செம்பனை இலையைத் தின்னும் வாலாங்கா நிக்ரிகோர்னிஸ் வெட்டுக்கிளியும் இருக்கிறது. ஆனால் குளிர்காலமே இல்லாத இடத்தில் மேலே சொன்ன மண்சூட்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது. அடர்ந்த தோட்டத்துக்கு அடியில் ஸ்மாப்பின் ஈர அளவை நம்புவதும் கடினம். மோடிஸுக்கோ வருடத்தில் பாதி நாள் மேகம்தான் தெரியும். முயல்பவர்கள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் தரவிலிருந்து தொடங்கலாம், அதுவும் இலவசம்தான்.