மிதவை சுவிட்சா, சென்சார் கம்பியா?

தர்மபுரி பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த எது வாங்கலாம் என்பதற்கு இங்கே அந்த உப்புதான் பதில் சொல்லும்.

சென்சார் கம்பியில் நகரும் பாகம் கிடையாது. தண்ணீர் தொட்டதும் அதன் வழியே மெல்லிய மின்சாரம் பாயும், கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தும். கேட்க அழகுதான். எங்கள் வீட்டில் ஒருநாள் தொட்டி வழிந்து மொட்டைமாடியெல்லாம் தண்ணீர். கழற்றிப் பார்த்தால் கம்பி மேல் முட்டை ஓடு போல வெள்ளைப் படிவு! கத்தியால் சுரண்டிப் போட்டதும் பழையபடி வேலை செய்தது. ஆனால் மாதாமாதம் யார் ஏறிச் சுரண்டுவது?

மிதவை சுவிட்ச் எளிமையானது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு குண்டு. மிதவை சாயும்போது அது உருண்டு சுவிட்சைத் தட்டும். காதருகே ஆட்டினால் 'கடக்' என்று கேட்கும். ஒயரில் கோத்த எடைக்கும் மிதவைக்கும் நடுவே விடும் நீளத்தைப் பொறுத்துத்தான் மோட்டார் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது. படிவு இதை அவ்வளவாகப் பாதிக்காது. குறுகலான தொட்டி என்றால் மட்டும் சுவரில் சிக்கிக்கொள்ளும். அங்கே சென்சார்தான் சரி.

பெரிய மோட்டாராக இருந்தால் மிதவையை நேராக இணைக்காதீர்கள், நடுவில் கான்டாக்டர் (மோட்டாரின் அதிக மின்சாரத்தைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) வேண்டும். அப்புறம், போரில் தண்ணீர் வற்றினால் மேல்தொட்டியில் இருக்கும் இரண்டுக்குமே தெரியாது. அதற்கு டிரை ரன் பாதுகாப்பு, அதாவது தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாமல் தடுக்கும் கருவி, தனியாக வாங்கணும்.