கொரோனாவுக்கு முன்னும் பின்னும் ஹோம் கேர்: ஏழு வருட அனுபவம்

அம்மாவுக்கு 2018-ல் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு, அதனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. அன்று தொடங்கி இன்றுவரை ஹோம் கேர் ஆட்களை வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறோம், இதற்குள் மூன்று ஏஜென்சி மாறியாயிற்று. கொரோனாவுக்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் ஒரே கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எது உண்மையிலேயே நல்லபடியாக மாறியது, எதை வசதி என்ற பெயரில் நம் தலையில் கட்டுகிறார்கள் என்பதை, புதிதாக ஆள் தேடும் குடும்பங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் வந்த அக்கா எங்களோடு ஒன்றரை வருடம் இருந்தார். மிகவும் நல்லவர், கைப்பக்குவம் உள்ளவர். அம்மா இடது கையை இறுக்கி மூடினால் எங்கேயோ வலிக்கிறது என்பது அவருக்குத் தெரியும், தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்கிக் கொடுத்தால் புரையேறாது என்பதும் தெரியும். எல்லாம் அவர் மனதிலேயே இருந்தது, ஒரு வரிகூட எங்கும் எழுதி வைக்கவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டும்போதும் புரட்டிப் போடும்போதும் நாங்கள் அறைக்கு வெளியே நின்றோம், அதுதான் மரியாதை என்று நினைத்தோம். ஏஜென்சியின் வேலை ஆளை அனுப்புவதோடு முடிந்துவிடும், மாதக் கடைசியில்தான் மறுபடி கூப்பிடுவார்கள்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் அக்காவால் வர முடியாமல் போனது. ஏஜென்சியில் யாரும் போனை எடுக்கவில்லை. பதினோரு வாரம் நாங்களே பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும், இரவிலும் அலாரம் வைத்து எழுந்து விடாமல் செய்தோம். ஆனால் அக்கா ஒவ்வொரு முறையும் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கலாக விட்டிருந்தார் என்பதை நாங்கள் கவனித்ததே இல்லை. ஒன்பதாம் நாள் வலது குதிகாலில் ஒரு கருத்த தடம் தெரிந்தது. விரிப்பின் மடிப்பு அழுந்தியிருக்கும் என்று விட்டுவிட்டோம். படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அதுதான். வெளுத்த தோலில் சிவப்பாகத் தெரியும், அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே இருக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். கண்ணை நம்பாமல் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை, நான்கு நாளில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்துவிட்டது. ஆற இரண்டு மாதம் ஆனது.

அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டக் கற்றுக்கொடுத்தவர் வீடியோ காலில் வந்த ஒரு நர்ஸ். போனை எங்கே பிடிக்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும் என்பதில் தொடங்கி, தலையணை வைப்பது, விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்துவது (இழுத்தால் தோல் உரசிப் புண்ணாகும்), சாப்பாடு கொடுத்த பிறகு அரைமணி நேரமாவது தலைப்பக்கத்தை உயர்த்தியே வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஹோம் கேரில் வந்த முதல் நல்ல மாற்றம் என்று இதைத்தான் சொல்வேன். வேறு வழியில்லாமல்தான் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள், ஆனால் அது நிலைத்துவிட்டது. இப்போது நல்ல ஏஜென்சிகள் முதல் வாரத்திலேயே வீட்டில் உள்ளவர்களில் இரண்டு பேரையாவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொடுக்க மறுக்கும் ஏஜென்சியை நான் எடுக்கவே மாட்டேன்.

2021-ல் ஏஜென்சி மாற்றினோம். புதியவர்கள் ஆளை அனுப்புவதற்கு முன் ஒரு நர்ஸை அனுப்பினார்கள், அவர் இரண்டு மணி நேரம் இருந்து அம்மாவைத் தலை முதல் கால் வரை பார்த்து ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதினார். எந்தக் கையில் பிரஷர் பார்ப்பது, எப்படிப் படுக்க வைப்பது, எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில் இருந்தது. அம்மாவின் சைகைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னோம். பழைய அக்காவுக்குப் போன் செய்து கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தை நிரப்பினோம், அவர் இருபதுக்கும் மேல் சொன்னார், எங்களுக்குப் பாதிகூடத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தாள் இன்றும் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து போகிறவர் எத்தனை முறை திருப்பினார், சிறுநீர் எவ்வளவு போனது, மலம் போனதா, தோல் எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதி, வருகிறவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

சுத்த விஷயத்தில் வந்த மாற்றம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கையை சோப்பு போட்டு 20 விநாடி கழுவுவது, இல்லையென்றால் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கையுறை போட்டால் போதும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. டயப்பர் மாற்றிய அதே கையுறையோடு வாய் துடைக்கப் போனவரை நான் தடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் புதுக் கையுறை, கழற்றியதும் கை கழுவ வேண்டும். சொன்னால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் லீவு. முன்பெல்லாம் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது, அதனால் காய்ச்சலோடும் இருமலோடும் வருவார்கள், பாவம் அவர்களுக்கு வேறு வழி இல்லை. இப்போதைய ஏஜென்சியில் உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு லீவு, மாற்று ஆளும் வருவார். ஏஜென்சியிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே உங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் உண்டா என்பதுதான். அதேபோல 24 மணி நேர ஷிப்டை விட்டுவிட்டு 12 மணி நேரத்துக்கு மாறினோம். ராத்திரி முழுக்க விழித்தவர் காலையில் மாத்திரை எடுத்துக்கொடுப்பது இருவருக்குமே நல்லதில்லை.

மாஸ்க் அம்மாவுக்குப் பெரிய துன்பமாக இருந்தது. வார்த்தை போனவர்கள் முகத்தைத்தான் படிக்கிறார்கள். பாதி முகம் மூடிய ஒருவர் கரண்டியோடு நெருங்கினால் அம்மா தலையைத் திருப்பிக்கொள்வார், வாயைத் திறக்கவே மாட்டார். அப்போது வந்துகொண்டிருந்த ஒரு பெண்தான் வழி கண்டுபிடித்தார். வாசல்படியிலேயே தள்ளி நின்று மாஸ்க்கைக் கழற்றி அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார், பெயரைச் சொல்வார், அப்புறம் அம்மா பார்க்கும்போதே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். தன் முகம் தெரியும் ஒரு போட்டோவையும் சட்டையில் குத்திக்கொண்டார். மூன்றாம் நாளே அம்மா சாப்பிட்டார். 2023 மே மாதம் கொரோனாவுக்கான உலக அவசர நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு எங்கள் வீட்டில் யாருக்காவது சளி இருமல் என்றால் மட்டுமே மாஸ்க்.

கருவிகளில், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு இரவு 88 காட்டியது, ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நிலைக்குப் போய்விட்டோம். மாட்டியிருந்தது செயலிழந்த வலது கையில், அது வீங்கிச் சில்லென்று இருந்தது. இடது கையைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டினால் 96. அதே நேரம் கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது, ஆகவே எண் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். அம்மாவுக்கு 24-ஐத் தாண்டினால் எண் என்னவாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

வீடியோ கன்சல்டேஷன் மருந்தை மாற்றிக் கேட்பதற்கும் ஆறிவரும் புண்ணைக் காட்டுவதற்கும் அருமை, அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பிசியோவுக்கு அது சரிப்படவில்லை. திரையில் சொன்னபடி வலது கையைத் தூக்கிப் பயிற்சி கொடுத்தோம், மூன்று வாரத்தில் தோளைத் தொட்டாலே இடது கையை இறுக்கி மூடினார். நேரில் ஒருவரை வரவழைத்தபோது, தொட்டுப் பார்த்த உடனே தோள் மூட்டு கீழே இறங்கியிருக்கிறது என்றார். பக்கவாதத்தில் இது அடிக்கடி வருவதாம். கையை இழுக்கக் கூடாது, எப்போதும் தாங்கல் கொடுத்தே வைக்க வேண்டும். இது கொரோனா முடிந்து வெகுநாள் கழித்து நடந்தது, நேரில் வர எந்தத் தடையும் இல்லாத காலத்தில். ஏஜென்சிக்கு வீடியோ சுலபமாக இருந்தது, அதனால் தொடர்ந்தார்கள். அந்த ஏஜென்சியை அதோடு நிறுத்திவிட்டோம்.

2023-ல் சில மாதம் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டிருந்தபோது சிறுநீர்த் தொற்று வந்தது. முன்பென்றால் அட்மிட்தான். இந்த முறை டாக்டர் பார்த்துவிட்டு வீட்டிலேயே ஊசி மருந்து போடலாம் என்றார், நர்ஸ் தினமும் இரண்டு வேளை வந்தார், ஆறு நாளில் சரியானது. அம்மா தன் கட்டிலிலேயே இருந்ததால் மிரளவில்லை. ஆனால் மருத்துவமனையில் ராத்திரி கண்விழித்துப் பார்க்க ஆள் உண்டு, வீட்டில் அது நாம்தான். பேச முடியாதவருக்குத் தொற்று ஏறுகிறது என்பது வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குவதில்தான் முதலில் தெரிந்தது. இதற்குச் சம்மதிக்கும் முன் ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கும் ஒரு நம்பரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்த்துக்கொள்பவர்கள் செய்த வேலையைப் பதிவு செய்ய ஏஜென்சி கொடுக்கும் போன் ஆப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்த நேரம் போன நேரம் தெரிவது நல்லதுதான். ஆனால் ஒரு நாள் பார்த்தால், பகல் முழுக்கத் திருப்பிய ஆறு முறையும் மாலை நான்கு நிமிடத்துக்குள் டிக் அடிக்கப்பட்டிருந்தன. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளவில்லை, கையில் க்ரீமோடு போனை எப்படித் தொடுவார்? மறுபடி தாளுக்கே மாறினோம், கட்டில் ஓரத்தில் பேனா கட்டித் தொங்குகிறது, ஆப்பில் நாளுக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். இன்னொரு சிக்கல், கொரோனாவுக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு புது முகத்தை அனுப்பும் பழக்கம் ஏஜென்சிகளுக்கு வந்துவிட்டது. அம்மாவைப் போன்றவருக்கு அது தாங்காது. நிலையாக இரண்டு பேர், மாற்றாக ஒருவர் என்று பேசி முடித்தோம். அந்த மாற்று ஆள் 15 நாளுக்கு ஒருமுறை அரை ஷிப்ட் வந்து அம்மாவோடு இருக்க வேண்டும், அப்போதுதான் திடீரென்று வரும் நாளில் அவர் அந்நியராக இருக்கமாட்டார். இதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம், இத்தனை வருடத்தில் நாங்கள் செய்த செலவிலேயே இதுதான் உருப்படியானது.

மாதம் ஒருமுறை நேரில் வரும் நர்ஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆக்கி, மற்ற மாதங்களில் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமா என்று போன வாரம் ஏஜென்சியிலிருந்து கேட்டார்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அம்மாவின் குதிகாலை யாராவது வந்து கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.