பழைய காரைத் தானம் கொடுக்கப் போகிறீர்களா? எங்கள் 4,200 டாலர் எங்கே போனது என்று படித்துவிட்டுப் போன் போடுங்கள்

நாங்கள் தானமாகக் கொடுத்த 4,200 டாலர் மதிப்புள்ள வண்டியை 610 டாலருக்கு விற்றுவிட்டதாக இன்று மதியத் தபாலில் ஒரு படிவம் வந்திருக்கிறது. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, "உங்கள் தாராள மனதுக்கு நன்றி" என்று மேலே ஒரு வரி, அவ்வளவுதான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் போனது போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன், இங்கே டாலஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவிலோ இர்விங்கிலோ இன்னொரு குடும்பம் அதே நம்பருக்குப் போன் போடும்.

யார் என்று கேட்காதீர்கள், பெயர் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், கேஸ் கீஸ் என்று வந்தால் யார் அலைவது. காரை இலவசமாக எடுத்துக்கொண்டு போய் நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறோம், உங்களுக்கு வரிச்சலுகை என்று ரேடியோவில் விளம்பரம் போடுகிற இணையதளம். குழந்தைகள் படம் நிறைய இருக்கும். தொண்டு நிறுவனம் அவர்களே என்றுதான் பார்க்கிறவர் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை, அவர்கள் நடுவில் இருக்கும் ஏஜென்சி. அது எங்களுக்குத் தெரிய வந்தது வண்டி போன பிறகு, நான் கத்திய ஒரு நாளில், "நாங்கள் பிராசஸிங் பார்ட்னர் மட்டும்தான் மேடம்" என்று ஒரு பெண் சொன்னபோது.

வண்டி 2011 டொயோட்டா சியன்னா. ஏ.சி. நன்றாக வேலை செய்தது, டயர் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, சறுக்குக் கதவில் மட்டும் ஒரு நசுங்கல். போன அக்டோபரில் புது வண்டி எடுத்தபோது பழைய கார் வாங்கும் ஒரு பெரிய கடையில் காட்டினோம், பார்த்துவிட்டு 4,200 டாலர் தருகிறோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். ஏழு நாள் செல்லும் தாள், இன்னும் வைத்திருக்கிறேன். அந்தப் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் மனசு வரவில்லை. எச்4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்து, வந்த முதல் வருடம் டாலஸில் கார் இல்லாமல் இருந்தவள் நான், பால் வாங்கக்கூட யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். கார் இல்லாத ஒரு வீட்டுக்கு இது போனால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்.

விவரம் தெரியாமல் போய் விழவில்லை. ஐ.ஆர்.எஸ்., அதாவது அமெரிக்க வரித்துறை, கார் தானம் செய்பவர்களுக்கென்றே பப்ளிகேஷன் 4303 என்று ஒன்று வைத்திருக்கிறது, அதை உட்கார்ந்து படித்தேன். அதில் தெளிவாக இருக்கிறது: தொண்டு நிறுவனம் வண்டியை விற்றுவிட்டால், விற்ற பணம் எவ்வளவோ அவ்வளவுதான் வரி போடும் வருமானத்திலிருந்து நாம் கழிக்கலாம், சந்தை மதிப்பு கிடையாது (500 டாலருக்குக் குறைவாக விற்றால் மட்டும் 500 அல்லது சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது). முழுச் சந்தை மதிப்பு வேண்டுமென்றால், வண்டியை அவர்களே வேலைக்குப் பயன்படுத்த வேண்டும், அல்லது பெரிய அளவில் சரிசெய்ய வேண்டும், அல்லது ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வகைதான். அதைத்தான் வார்த்தைக்கு வார்த்தை கேட்டேன்.

"விற்பீர்களா, குடும்பத்துக்குக் கொடுப்பீர்களா?"

"ஓடுகிற நிலையில் இருக்கிற மினிவேன் என்றால் ஏலத்துக்கு அனுப்ப மாட்டோம் மேடம். உங்கள் கவுன்ட்டியிலேயே ஒரு தாய் காத்திருக்கிறார், இரண்டு குழந்தைகள், வேலைக்குப் போக வண்டி இல்லை. முழு ப்ளூ புக் மதிப்புக்கு, அதாவது சந்தை விலைப் பட்டியலில் உள்ள மதிப்புக்கு, ரசீது தருவோம்."

குரல் அவ்வளவு தன்மையாக இருந்தது. நான் எச்4 கதையைச் சொன்னேன், அந்த ஆள் பொறுமையாகக் கேட்டான், தன் அம்மாவும் பஸ்ஸில் போய் வேலை பார்த்துத்தான் தன்னை வளர்த்தாள் என்றான். இதை இப்போது எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சொன்ன நாளில் டோ டிரக் வந்தது. டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டிரைவர் டைட்டிலைத் திருப்பிக் கையெழுத்துக் கோட்டைக் காட்டினான். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலி. "ஏம்மா, பேர் எழுதாம எப்படிப் போடறது, அந்த சேரிட்டி பேரை எழுதிடலாமே" என்று இவர் பேனாவை எடுத்தார். டிரைவர் உடனே ஆபீசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அதே தன்மையான குரல். "எழுதலாம் சார், தப்பில்லை. ஆனால் சேரிட்டி பெயருக்கு ஒரு தடவை, அந்தத் தாயின் பெயருக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை மாற்ற வேண்டி வரும், அவருக்கு வண்டி கிடைக்க வாரக்கணக்கில் தள்ளிப் போகும். நேராக அவர் பெயரையே எழுதிவிடுகிறோமே." அந்தத் தாயும் குழந்தைகளும் பஸ் ஸ்டாப்பில் நிற்பதாக எங்கள் கண்ணுக்கு முன்னால் நிறுத்திவிட்டான். இவர் பேனாவை மூடிவிட்டார். கையெழுத்துப் போட்டோம், சாவி இரண்டையும் கொடுத்தோம், நான் டேங்க்கை வேறு நிரப்பி வைத்திருந்தேன். தொகை இடம் காலியாக ஒரு பிங்க் தாள் கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரசீது எங்கே என்றால் "ப்ராசஸில் இருக்கிறது". ரசீது விஷயம் வேறு டிபார்ட்மென்ட், அவர்களுக்குப் போன் கிடையாது, மெயில் மட்டும்தான். மெயில் போட்டால் டிக்கெட் நம்பர், அந்த டிக்கெட் இரண்டு நாளில் தானாகவே மூடிக்கொள்ளும், "உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி". அந்தக் குடும்பத்துக்கு வண்டி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் தனியுரிமை, சொல்ல முடியாது. ஜனவரியில் கேட்டபோது வண்டி இன்னும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை என்றார்கள். பிப்ரவரியில் எங்கள் வரிக்கணக்கைப் பார்க்கும் சி.பி.ஏ. கேட்க ஆரம்பித்தார், 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமென்றால் கார் தானத்துக்கான ரசீதான 1098-சி படிவத்தை ரிட்டர்னோடு சேர்க்காமல் முடியாது என்று. சரி என்று அந்தத் தொண்டு நிறுவனத்துக்கே போன் போட்டேன், அது வேறு மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வயதானவர் பேசினார், பாவம், அவருக்கு எங்கள் வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. "ஏஜென்சி மாதாமாதம் ஒரு தொகை அனுப்புவார்கள், எந்த வண்டிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள்" என்றார். குடும்பங்களுக்கு வண்டி கொடுக்கும் திட்டம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று எங்களிடம் என்றைக்குமே இருந்ததில்லையே அம்மா என்றார்.

இன்று வந்த படிவத்துக்கு வருகிறேன், அந்த 1098-சிதான். 4ஏ பெட்டியில் டிக், அதாவது சம்பந்தமில்லாத ஒருவருக்கு விற்றாகிவிட்டது. 4சி பெட்டியில் 610 டாலர். ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தால் டிக் போட வேண்டிய 5பி காலி. விற்ற தேதியைப் பார்த்தேன், நவம்பர். விற்ற 30 நாளுக்குள் இந்தப் படிவம் என் கையில் இருந்திருக்க வேண்டும், இப்போது மார்ச். ஜனவரியில் "யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை" என்று சொன்னார்களே, அப்போதே ஏலம் முடிந்துவிட்டிருக்கிறது!

கவனித்தீர்களா, பொய்யெல்லாம் போனில். படிவத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஏனென்றால் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினால் அபராதம் உண்டு, போனில் பேசியதை யார் பிடிப்பது?

எங்களுக்கு இதில் கிடைக்கும் வரிச்சலுகை எவ்வளவு தெரியுமா? நாங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிறோம், 610க்கு 134 டாலர். 4,200க்குக் கழித்திருந்தால் 924. சரி, வரியை விடுங்கள், தானம் என்று கொடுத்தபின் எனக்கு வர வேண்டிய லாபக் கணக்கைப் பார்க்கவில்லை. எனக்கும் வராமல் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் போகாமல் மீதி எங்கே போனது என்பதுதான் கேள்வி. அந்த 610லும் டோ செலவு, விளம்பரச் செலவு, ஏஜென்சி பங்கு எல்லாம் எடுத்த பிறகுதான் அந்த வயதானவருக்கு ஏதோ போயிருக்கும். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவனே கவரைப் பிரித்து எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். கோவிலில் பழக்கமான ஒருவர் தன் பெண்ணுக்குப் பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தார், டிசம்பரில் ஒரு லிங்க் அனுப்பி "இது உங்க சியன்னா மாதிரியே இருக்கே அக்கா" என்று கேட்டார். நான் அப்போது சிரித்துவிட்டு விட்டேன், அது ஏதோ குடும்பத்திடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேனே. இன்று படிவம் வந்ததும் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு சின்னக் கார் லாட். அதே கதவில் அதே நசுங்கல், பின் கண்ணாடியில் பையனின் பள்ளி ஸ்டிக்கர்கூடப் பிய்க்கவில்லை. விலை 4,995 டாலர். 610க்கு வாங்கியவர் கண்ணுக்கும் அது 4,995 டாலர் வண்டிதான்.

மாலையில் ஏஜென்சிக்கு மறுபடி போன். முதலில் பேசிய அந்தத் தன்மையான ஆள் இப்போது அங்கே வேலை செய்யவில்லையாம். சூப்பர்வைசர் என்று ஒருவன் வந்தான். "நிறையப் பேருக்கு 500 டாலர்தான் மேடம் வரும், உங்களுக்கு 610 வந்திருக்கிறதே" என்றான், சந்தோஷப்பட வேண்டுமாம். 4,200 டாலர் வண்டி என்று எழுத்தில் இருக்கிறது, குடும்பத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னீர்கள் என்றேன். "அன்பளிப்பு கொடுத்தபின் நிபந்தனை போட முடியாது, எங்கள் விதிமுறையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இது புதுசு ஒன்றும் இல்லை. 2003இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. இப்படித் தானமாகக் கொடுத்த 54 வண்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. கொடுத்தவர்கள் வரிக்கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தொண்டு நிறுவனத்துக்குப் போயிருந்தது, மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில். மக்கள் மதிப்பை ஏற்றிக் காட்டுகிறார்கள் என்று 2005இலிருந்து சட்டத்தை இறுக்கினார்கள், விற்ற விலைதான் கழிக்கலாம் என்ற விதி அப்போது வந்ததுதான். நியாயம்தான், ஏற்றிக் காட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் கயிறு விழுந்தது கொடுப்பவர் கழுத்தில். நடுவில் நிற்பவன் 4,200 டாலர் வண்டியை 610க்குத் தள்ளிவிட்டால் அவனைக் கேட்க அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை.

விவரமாக வழி சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது, தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 5பி பெட்டியில் டிக் போடுவோம் என்று மெயிலில் எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். டைட்டிலில் வாங்குபவர் பெயரைக் காலியாக விடாதீர்கள், எந்தத் தாய் எங்கே காத்திருந்தாலும் சரி. டெக்சாஸ் என்றால் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு, 30 நாளுக்குள் வண்டி கைமாறியது என்று மாநில டி.எம்.வி. தளத்தில் பதிந்துவிடுங்கள், அதை நாங்கள் அன்றே செய்ததால் டோல் பில் தொல்லையாவது இல்லை. ஐ.ஆர்.எஸ். தளத்தில் 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்களைத் தேடும் வசதி இருக்கிறது, அதில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்த நிறுவனத்துக்கே நேராகப் போன் போட்டு வண்டியை யார் விற்கிறார்கள் என்று கேளுங்கள். தானங்களைத் தனித்தனியாகக் காட்டாமல் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) எடுப்பவர்களுக்கு, 2025க்குத் தம்பதிக்கு 31,500 டாலர், கார் தானத்தால் வரியில் ஒரு சென்ட்கூடக் குறையாது, அதை அந்த ரேடியோ விளம்பரம் சொல்லாது.

எல்லாவற்றையும் விட, வண்டியைக் கடையில் கொடுத்து 4,200 டாலரை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த நல்ல இடத்துக்குச் செக்காக எழுதிவிடுங்கள். முழுத் தொகையும் அவர்களுக்குப் போகும், தானங்களைத் தனித்தனியாகக் காட்டுபவர்கள் (ஐட்டமைஸ்) அதை வரிக்கணக்கில் கழிக்கவும் செய்யலாம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இன்றிரவே புகார் பதிந்திருக்கிறேன், 4,200 டாலர் தாள், கார் லாட் படம், மெயில்கள் எல்லாம் சேர்த்து. இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் நீங்களும் பதியுங்கள், தனியாக ஒரு புகார் கிடந்தால் அதற்கும் டிக்கெட் நம்பர்தான் கிடைக்கும்.