ஆறு மாதம், ரெண்டு தலைமை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலை மரக்கறி வாங்கி சைக்கிளிலை கொழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்தவள் நான். மாலைநேர ஊடக டிப்ளோமா. இடத்தின்ரை பேர் வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன ஊர்.

முதல் மூண்டு மாதம் பொறுப்பாயிருந்த மிஸ் அறைக் கதவைச் சாத்தினதே இல்லை. முதல் நாளே 1841இலை இங்கை வந்த உதயதாரகையிலை தொடங்கினா. தமிழும் இங்கிலீசுமாய் வந்த பேப்பர். பிறகு 1959இலை தொடங்கின ஈழநாடு. 1981இலை யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச அதே நாள்களிலை அதின்ரை அலுவலகமும் எரிஞ்ச கதை. சொல்லிப்போட்டு, "அண்டைக்கு நீங்கள் நிருபரெண்டால் முதல் வசனம் என்ன?" எண்டு கேட்டா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. என்ரை வசனத்தை நாலு தரம் வெட்டினா. அந்தக் கொப்பி இப்பவும் கிடக்கு.

அவ மாறிப்போக, வந்த சேர் நல்ல மனுசன்தான், ஆனால் எல்லாத்துக்கும் கடிதம். நல்லூர்த் தேர் 24ஆம் திருவிழா எண்டு ஊருக்கே தெரியும். கமராவுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே எழுதிக் குடுத்தம். தேரண்டு அலுமாரித் திறப்பு சேரோடை கொழும்பிலை நிண்டது! போனிலைதான் எடுத்தம், பாதிப் படத்திலை ஆரோ ஒருத்தற்றை சால்வை.

எடிட்டிங் வகுப்பு பரவாயில்லை. கதிரை மோசம்.

சேரப்போறியளோ? காசு கட்டமுன்னம் இப்ப ஆர் பொறுப்பு, திறப்பு ஆரிட்டை எண்டு கேளுங்கோ.